தலைவர் உள்ளே வரும்போது

எனக்கு வலிக்கிறது என்று சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. கோபத்தில் சொல்லவில்லை, சட்டமே அப்படித்தான் இருக்கிறது. உடல்குறை உதவித்தொகை கேட்பவர்கள் தங்கள் வலியைப் பெரிதாக்கிச் சொல்கிறார்களாம். அதனால் மேல்முறையீட்டு விசாரணையில் நாம் வாயைத் திறக்கக் கூடாது. நமக்காக ஒரு ஏற்பாளர் பேச வேண்டும்.

ஏற்பாளர் என்றால் வக்கீல் இல்லை. உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று உதவித்தொகை வாரியத்தின் சான்றிதழ் வைத்திருக்கிற, நமக்குச் சொந்தபந்தம் இல்லாத ஒரு ஆள். விசாரணை அன்று நம் பிடரியில் ஒரு பட்டை, அவர் பிடரியில் ஒரு பட்டை. பொத்தானை அழுத்தினால் நம் உடம்புக்கு என்னவோ அது அவர் உடம்பின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். "எப்படி இருக்கிறது?" என்று வாரியம் அவரிடம் கேட்கும். நாம் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

திருப்பூரில் இவர்களைத் தாங்கி என்பார்கள். "தாங்கி கெடச்சாச்சா தாரணி?" என்று என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள், மாப்பிள்ளை அமைந்துவிட்டதா என்று கேட்கிற அதே அக்கறையோடு.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. ஒரு காய்ச்சல் வந்தது, போகும்போது என் இடுப்புக்குக் கீழே நெருப்பை வைத்துவிட்டுப் போனது. நரம்பு எரிச்சல் என்றார்கள். எலும்பு சரியாக இருக்கிறது, ரத்தம் சரியாக இருக்கிறது, ஸ்கேன் பளிச்சென்று இருக்கிறது. பிடிமானம் இல்லாமல் எழுந்தால் கண் இருட்டிவிடும். ஆனால் வெளியே ஒரு கீறல் கிடையாது. "பாக்க நல்லாத்தான இருக்கறே" என்று சொல்லாத வாய் இந்த ஊரில் இல்லை. சொன்னவர்களை எல்லாம் நான் மனதுக்குள் நன்றாகத் திட்டியிருக்கிறேன்.

உதவித்தொகையோடு எனக்கு வாரியக் குடியிருப்பில் தரைத்தளத்தில் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். வாசலில் படி இல்லை. கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. மறு ஆய்வு என்று வந்தார்கள், குறை போதாது என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். மேல்முறையீட்டிலும் தோற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பிறகு அண்ணன் வீடுதான். அது மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அங்கே ஏறிவிட்டால் மறுபடி நானாக இறங்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். அந்த நினைப்பே தூக்கத்தைக் கெடுத்தது.

முதலில் என் வக்கீல் கவினிடமே கேட்டேன். நல்ல மனுஷன்.

"சட்டம் எவ்வளவு வேணும்னாலும் பேசறேங்க. பட்டை மட்டும் போடச் சொல்லாதீங்க."

"ஒரு மணி நேரந்தானுங்களே சார்?"

"முன்ன ஒருத்தருக்குப் போட்டேங்க. அவருக்கு முதுகு." கையைப் பின்னால் கொண்டுபோய் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். "மழை வந்தா இன்னமும் எனக்கு இங்க புடிக்குமுங்க. டாக்டர்கிட்டக் காட்டினா ஒண்ணுமில்லைங்கறாங்க."

"அவருக்கு இப்ப எப்படீங்க இருக்குது?"

"அவரு செத்துப் போயிட்டாருங்க" என்றார்.

அடுத்தது நிவேதிதா. கம்பெனியில் ஒரே மேசையில் எதிரெதிரே நின்றவர்கள் நாங்கள். கேட்டதுமே சரி என்றாள். புது பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டைக் கடை இருக்கிறது. போட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அங்கே போனோம். கடைக்காரர் பொத்தானை அழுத்தினார். நிவி கத்தவில்லை. துப்பட்டாவை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். கண் மட்டும் என்னையே பார்த்தது. கடைக்காரர் பயந்துபோய்க் கழற்றிவிட்டார்.

"இதோடயாடி என் கல்யாணத்துல பந்தி பரிமாறுனே?"

"ஆமா."

என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. என் வலியை நம்பிய ஒரே ஆள் அவள்தான். நம்பியதால்தான் வரமாட்டேன் என்கிறாள். அவள்மேல் கோபமே இல்லை என்று சொன்னால் பொய்.

காசுக்கு வருகிற தாங்கிகளும் இருக்கிறார்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன்பே துடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்த முகங்களை வாரியத்துக்கு நன்றாகத் தெரியும், அவர்களை வைத்தால் கேஸ் அன்றைக்கே முடிந்தது என்றார் கவின். பிறகு, "ஓவியான்னு ஒரு அம்மா இருக்காங்க. பைசா வாங்க மாட்டாங்க. உள்ளதை உள்ளபடி சொல்வாங்க" என்றார்.

"இதை முன்னாடியே சொல்லறதுக்கென்னங்க சார்?"

"அவங்க டீ குடிக்கறதைப் பாக்க எனக்கு ஒரு மாதிரி இருக்குமுங்க."

வாரிய அலுவலகத்துக்கு எதிரே இருந்த பேக்கரியில் ஓவியாவைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். தன் கால்களைக் குனிந்து பார்த்தபடியே நடந்து வந்தாள், குழந்தையை வெயிலில் நடத்திக் கூட்டி வருகிறவளைப் போல. மாஸ்டர் ஆவி பறக்க ஊற்றி வைத்த டீயை எடுத்து ஒரே மடக்காகக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். உதட்டில் தோல் உரிந்திருந்தது. விரல்களில் பழைய தீக்காயங்கள்.

"எங்க கண்ணு வலிக்குது?"

"இடுப்புக்குக் கீழங்க்கா. எரிச்சல்."

"பாதத்துலயுமா?"

"பாதத்துலதான் ரொம்பங்க்கா."

அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. "பாதம் வந்து ரொம்ப நாளாச்சு" என்றாள்.

பட்டைக் கடைக்குப் போய்ப் போட்டுப் பார்த்தோம். பொத்தானை அழுத்தியதும் என் வலி போய்விட்டது. கம்பெனியில் கரன்ட் போனதும் ஒரு அமைதி வருமே, அதுவரை எவ்வளவு இரைச்சலில் நின்றிருந்தோம் என்று அப்போதுதான் தெரியுமே, அப்படி இருந்தது. நான் எழுந்தேன், நடந்தேன், கடைக்குள்ளேயே இரண்டு சுற்று சுற்றினேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. திரும்பிப் பார்த்தால் ஓவியா நாற்காலியில் குனிந்து, தன் பாதங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இருக்குது" என்றாள். "ரெண்டு காலும் இருக்குது."

"என்னங்க்கா சொல்றீங்க?"

"எத்தனையோ பேருக்குத் தாங்கிட்டேன் கண்ணு. ஒவ்வொரு தடவ கழட்டறப்பவும் என்ற உணர்ச்சியும் கொஞ்சம் அதோட ஒட்டிட்டுப் போயிருச்சு. இப்ப மிச்சம் ஒண்ணுமில்ல. சூடு தெரியாது, குளுரு தெரியாது. என்ற கால் தரையில இருக்குதான்னு கண்ணால பாத்தாத்தான் தெரியும். யாராவது உடம்பு குடுத்தாத்தான் எனக்கு உடம்பு."

"அப்ப உங்களுக்கே உதவித்தொகை வரணுமேங்க்கா."

"கேட்டேன். ஒருத்தனைத் தாங்கியா வெச்சேன். பட்டையப் போட்டதும் அவன் சொல்றான், 'ஐயா, சொர்க்கமாட்ட இருக்குதுங்க, ஒரு வலியும் இல்லீங்க'ன்னு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. முழு ஆரோக்கியம்னு சான்றிதழும் குடுத்துட்டாங்க. அதை வெச்சுத்தான் இன்னும் தாங்கியா வந்துட்டிருக்கறேன்."

ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். விசாரணை முடிந்த உடனே பட்டையைக் கழற்றச் சொல்லக் கூடாது, அன்று சாயங்காலம்வரை அவளிடமே இருக்க வேண்டும். எனக்குக் கசக்குமா? ஒரு பகல் முழுக்க வலி இல்லாமல் இருக்கலாம் என்ற ஆசையில் தலையை ஆட்டினேன்.

விசாரணைக் கூடத்தில் மேடை மேல் மூன்று நாற்காலி. நடு நாற்காலியின் முதுகில் வெள்ளைத் துண்டு போட்டிருந்தது. உதவியாளர் வந்து எங்கள் இருவருக்கும் பட்டையை மாட்டினார். வலி இறங்கிப் போனது. தலைவர் இன்னும் வரவில்லை, காத்திருந்தோம். நான் சுகமாகச் சாய்ந்து உட்கார்ந்து ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நிம்மதியாக ஒரு மரத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று.

கதவு திறந்தது. தலைவர் உள்ளே வந்தார்.

கூடத்தில் எல்லோரும் எழுந்தார்கள். எல்லோருக்கும் முதலில் எழுந்தது நான்தான். கம்பெனியில் சரக்கு வாங்குகிற பையர் வந்தால் சூப்பர்வைசர் கையைத் தட்டுவார், தட்டின சத்தம் அடங்குவதற்குள் எழுந்து நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். பெரிய ஆள் வந்தால் எழுந்து நிற்காத பிழைப்பு நம் ஊரில் எது? எதையும் பிடிக்காமல், விறைப்பாக, கையைக்கூட லேசாகக் கட்டிக்கொண்டு நின்றேன். எழ முடியாமல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கியது ஓவியா மட்டும்தான். தலைவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னை, தலையிலிருந்து கால்வரை, நிதானமாகப் பார்த்தார்.

ஓவியா நன்றாகத்தான் பேசினாள். "காஞ்ச தோசைக்கல்லு மேல நிக்கற மாதிரிங்க. எறங்க முடியாது. நின்னாலும் அதே, படுத்தாலும் அதே. போர்வை பட்டாக்கூட எரியுதுங்க" என்றாள். தலைவர் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த வாரிய உறுப்பினர் அம்மா தன் காலை நாற்காலிக்குள் இழுத்துக்கொண்டார். என் வலியை இன்னொருத்தர் வாயால் கேட்கும்போது எனக்கே என்மேல் இரக்கம் வந்தது.

கவின் எழுந்து, பட்டை போட்டிருக்கும் நேரத்தில் விண்ணப்பதாரர் எப்படி இருக்கிறார் என்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று விதியைப் படித்துக் காட்டினார்.

"விதி எனக்கும் தெரியுங்க வக்கீல்" என்றார் தலைவர். "கண்ணுன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?"

மத்தியானமே தீர்ப்பு வந்துவிட்டது. மேல்முறையீடு தள்ளுபடி. தாரணிக்கு உடல்குறை ஏதும் இல்லை.

"ஏங்க எந்திரிச்சீங்க?" என்று கவின் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"தலைவர் வந்தாருங்களே" என்றேன்.

அவரும்தானே எழுந்து நின்றார்.

சாயங்காலம் பேக்கரி வாசலில் பட்டையைக் கழற்றினோம். ஓவியாவின் கை பிடரிவரைக்கும் போகும், திரும்பும். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்றாள். கடைசியில் நானே கையை நீட்டிக் கழற்றினேன். வலி மொத்தமாக வந்து என்மேல் விழுந்தது. கூச்சமில்லாமல் கத்தினேன். பேக்கரியில் பப்ஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓவியா தன் காலைக் குனிந்து பார்த்து, அது தரையில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப உனக்கும் சான்றிதழ் இருக்குது கண்ணு" என்றாள்.

"எதுக்குங்க்கா?"

"நீ எனக்குத் தாங்கியா வரலாம். மறுபடி மனுப் போட்டிருக்கறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "என் வீடே போச்சு. உங்களுக்கு நான் தாங்கறதா?"

"நல்லா இருக்கறவனுக்கு என்ற உடம்பப் போட்டா, பரவால்லைன்னு சொல்லிட்டுப் போயிருவான். உனக்குத்தான் கண்ணு உடம்புன்னா என்னன்னு தெரியும்."

"எனக்கு இன்னும் சொகமால்ல இருக்கும்? பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"தெரிஞ்சதைச் சொல்லு, போதும்."

நான் ஆட்டோ ஏறினேன். அண்ணன் வீட்டுக்குப் போகும் நாளில் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து அண்ணனும் எதிர்வீட்டுக்காரரும் மூன்று மாடி தூக்கினார்கள். அண்ணி பின்னாலேயே வந்து, "பாத்துங்க, உங்களுக்கு முதுகு புடிச்சுக்கப் போகுது" என்று அண்ணனிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். மேலே ஒரு ஜன்னல். அதில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு கிடந்த ஒரு நாளில் ஓவியாவுக்கு போன் செய்து, வருகிறேன் என்றேன். அவளுக்காக இல்லை. கொஞ்ச நேரம் வலி இல்லாமல் இருக்கலாமே என்றுதான்.

அதே கூடம், அதே வெள்ளைத் துண்டு. உதவியாளர் பட்டையை மாட்டினார். ஓவியாவின் உடம்பு வந்து என் உடம்பைப் போர்த்திக்கொண்டது. வலி போயிற்று. அதோடு கால் போயிற்று, நாற்காலி போயிற்று, புடவை போயிற்று, வாய்க்குள் நாக்கு போயிற்று. ஆனந்தமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். கேட்டால் நானும் சொர்க்கம் என்று சொல்லி அவளைக் கவிழ்த்துவிடுவேனோ என்று பயந்தேன். கண்ணை மூடினேன். மூடியதும் நானே இல்லை. பதறிப்போய்த் திறந்தேன்.

தலைவர் உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்து நின்றேன்.

எல்லோரும் ஏன் என்னைக் குனிந்து பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. தலைவரின் செருப்பு என் கண்ணுக்கு நேராக இருந்தது. அதன் பக்கத்தில் தரை ஓட்டில் ரத்தம். யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று நினைத்தேன்.

"போன தடவை மொதல்ல எந்திரிச்சது இந்தம்மாதானே?" என்று தலைவர் மேலேயிருந்து கேட்டார். குனிந்தார். "வலிக்குதாம்மா?"

"இல்லீங்க."

"ஒண்ணுமே தெரியலியா?"

"இல்லீங்க" என்றேன். "நான் நின்னுட்டுத்தானுங்க இருக்கறேன்?"

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. உறுப்பினர் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓவியாவின் மனு ஏற்கப்பட்டது. உதட்டில் தையல் போட்டது எனக்கு.

வாரியம் அவளுக்கு வீடு ஒதுக்கியது. தரைத்தளத்தில் காலியாக இருந்தது ஒரே வீடுதான். என் வீடு. சாவியை வாங்கிய அன்றே ஓவியா அண்ணன் வீட்டுக்கு வந்து, "வா கண்ணு, போலாம்" என்றாள். அதே பிளாஸ்டிக் நாற்காலியில் இறக்கினார்கள். கழிப்பறைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் அழுதேன்.

பட்டைக் கடையில் பழைய ஜோடி ஒன்று வாங்கி வந்தோம். வீட்டில் வைத்துப் போட்டுக்கொள்வது குற்றம்தான். ஆனால் தினமும் விளக்கேற்றும் நேரத்தில் போட்டுக்கொண்டோம். எனக்குக் கொஞ்சம் ஓய்வு, அவளுக்குக் கொஞ்சம் கால். என் வலியோடு அவள் வீட்டுக்குள் நடப்பாள், முனகுவாள், சிரிப்பாள், தரை ஜில்லென்று இருக்கிறது என்று என்னிடம் வந்து சொல்வாள். கழற்றும்போது வலி திரும்பி வரும். வரவர, கொஞ்சம் குறைந்தே வந்தது. ஒரு நாள் நானே எதையும் பிடிக்காமல் சமையல்கட்டுவரை போய் வந்தேன். மாரியம்மன் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் காலையில் காபி ஆற்றினேன். ஆறிவிட்டதா என்று டம்ளரைப் பிடித்துப் பார்த்தேன், தெரியவில்லை. ஒரு வாய் குடித்தேன், அப்போதும் தெரியவில்லை. ஆறித்தான் போயிருக்கும் என்று ஓவியாவிடம் கொடுத்தேன்.

"ஐயோ, கொதிக்குது கண்ணு!" என்று துப்பினாள்.

டம்ளர் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. அவள் நாக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான் என் விரல்களைப் பார்த்தேன், டம்ளர் பிடித்த இடமெல்லாம் சிவந்திருந்தது. அன்றிலிருந்து பட்டையைத் தொடவில்லை. தொடாவிட்டாலும் போனது திரும்பி வரவில்லை. எரிச்சல் என்னிடம் பாதி இருக்கிறது, அவளிடம் பாதி. மரத்துப்போனதும் அப்படியே.

இன்று வாரியத்திலிருந்து பேசினார்கள். வெள்ளிக்கிழமை ஓவியாவுக்கு மறு ஆய்வு, ஏற்பாளரோடு வர வேண்டும், அதே தலைவர்தான். குறை போதாது என்றால் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். போனை வைத்துவிட்டு இரண்டு நாற்காலிகளைக் கூடத்தில் எதிரெதிரே போட்டோம். அவள் உட்கார்ந்தாள், நான் உட்கார்ந்தேன். வாசல் கதவைத் தலைவர் திறப்பதாக நினைத்துக்கொண்டோம்.

இரண்டு பேருமே எழுந்துவிட்டோம். கால் நடுங்கியது, பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் நின்றோம். மறுபடி உட்கார்ந்து மறுபடி பார்த்தோம், மறுபடியும் நின்றோம்.

"ஒருத்தராவது விழுகணுமே கண்ணு" என்றாள் ஓவியா. அலமாரியிலிருந்து பட்டைகளை எடுத்து வந்து நடுவில் ஸ்டூல்மேல் வைத்தாள். "பாதிபாதியா இருந்தா நடக்காது, ஒருத்தர் முழுசா வாங்கிக்கிட்டாத்தான் ஆகும்."

"யாருங்க்கா?"

ஸ்டூலைப் பார்த்தபடி, இரண்டு பேரும் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறோம்.